இரண்டு பேர் போகும் வண்டி

“மச்சான், ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டிய ஒருத்தன் வாங்கலாமா?”

“எந்த வண்டி மாப்பிள்ளை?”

“ஸ்போர்ட்ஸ் கார். செவப்பு. ரெண்டே கதவு, மேல்கூரை மடங்கும். ஓனர் ஒரு பல் டாக்டர்.”

“கூரை மடங்கறது இருக்கட்டும். இன்ஜின் மடங்காம இருக்கணும்.”

அவர் சிரித்தார். என் தங்கையின் கணவர் நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார். நகைச்சுவை புரிந்து சிரிக்கிறாரா, மனைவியின் அண்ணன் என்பதற்காகச் சிரிக்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய பழைய காரில் ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார். தங்கை பக்கத்தில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினாள். நான் பின் சீட்டில், நடுவில், இருவர் தோளுக்கும் இடையே சாலை தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான் உட்காருவேன்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள் சார். முதல் என்றால் அதுதான். கடையிலிருந்து இந்த ஸ்டேஷன்வரை நடந்து வந்ததில் குதிகால் லேசாக வலிக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கொடுத்தீர்கள், சந்தோஷம். மேலே சுற்றுகிற மின்விசிறியில் பேரிங் போயிருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள். அந்த மூலையில் சாய்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சக்கரத்தையும் படுக்க வையுங்கள். உருண்டால் யார் காலிலாவது விழும். சக்கரத்தை எப்படி வைப்பது என்றுகூடத் தெரியாதவர்கள் என்னை விசாரிக்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு டயர்க் கடை. அப்பா ஆரம்பித்தது. கீழே கடை, மாடியில் வீடு. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் தங்கையும் இருந்தோம். அவளுக்குக் கல்யாணமான பிறகு நான் இருந்தேன். அவளுக்கு முடியாமல் எனக்கென்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். அவளுக்கு முடிந்தபோது எனக்கு யாரும் பெண் பார்க்கிற வயது இல்லை. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. யாரும் கேட்காமலே இதைச் சொல்லி வைப்பது என் வழக்கம்.

மாப்பிள்ளை செய்தது விளம்பரம் எழுதுகிற வேலை. பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் நாலு வரி இருக்குமே, காலைப் பொழுதின் பொன்னிற மொறுமொறுப்பு என்று, அதை எழுதுவதற்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவர் எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பொன்னிறமா, தேன்நிறமா என்று இரண்டு இரவு தூங்கவில்லையாம். தங்கை அதைப் பெருமையாகச் சொன்னாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பிஸ்கட்டின் நிறத்துக்குத் தூக்கம் கெடுகிற மனிதன் பெண்டாட்டி பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் யாரையும் மனம் நோகக் கேட்கிறவன் இல்லை.

அப்படிப்பட்ட ஆள் கார் வாங்குவதென்றால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று ஊரையே கூட்டினார். அலுவலகத்தில் ஒருவர் உடனே வாங்கு என்றாராம். முடிவெட்டுகிறவர் வேண்டவே வேண்டாம் என்றாராம். அடுக்குமாடிக் காவலாளி, கலர் நல்லாருக்கு சார் என்றாராம். மூன்று பேர் பேச்சையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார். அந்த ரெண்டு லட்சத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வது போல.

நான் அவருக்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் சீராக ஓடிய ரெண்டு லட்சம், ஊருக்குள் முட்டி மோதி ஓடிய ஐம்பதாயிரத்தைவிட நல்லது என்று விளக்கினேன். எண்ணெய் காலாகாலத்தில் மாற்றினார்களா, பெல்ட் மாற்றினார்களா, அதுதான் கேள்வி என்றேன்.

“வண்டி ஓடினா கெட்டுப்போகாது மாப்பிள்ளை. நின்னாத்தான் கெட்டுப்போகும்.”

“அடடா. இத அப்படியே ஒரு விளம்பரத்துல போடலாமே மச்சான்.”

கேட்டீர்களா? ஒரு மனிதன் உயிரோடு இருக்கத் தேவையான வாக்கியத்தைச் சொன்னால், அதை எந்தப் பொட்டலத்தில் ஒட்டலாம் என்று பார்க்கிறார்.

கடைசியில் பாரத்தை என் தலையில் இறக்கினார். கடைக்கே வந்து, டயர் அடுக்கின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். “நீங்க பாத்து சரின்னா வாங்கறேன். வேணாம்னா அந்தப் பேச்சையே விட்டுடறேன். உங்க வார்த்தைதான் மச்சான்.” தங்கையும் அன்று சாயங்காலம் போனில் அதையே சொன்னாள். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்ட பொருள் இது ஒன்றுதான், நீ சரி என்றால் சரி அண்ணா என்றாள்.

எனக்கு இருந்த ஒரே ஆட்சேபம் பின் சீட்டு. அந்த வண்டியில் பின் சீட்டு கிடையாது. முன்னால் இரண்டு இருக்கை, அதன் முதுகோடு வண்டி முடிந்துவிடும். குடும்பஸ்தன் வாங்குகிற வண்டியா அது? நாளைக்கு ஒரு குழந்தை வந்தால் எங்கே உட்கார வைப்பது? தங்கையிடம் இதைச் சொன்னேன். “மொதல்ல பெத்துக்கறோம்ணா, அப்புறம் உக்கார வெக்கலாம்” என்று சிரித்தாள். அவர்களுடைய எதிர்காலத்தை நினைத்துத்தான் சொன்னேன். வேறு எதையும் நினைத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருப்பார். ஆமாம், அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கீழே வந்து ஹாரன் அடிப்பார்கள். நான் காலையிலேயே குளித்து, ஷூ போட்டுத் தயாராக இருப்பேன். ஆனால் முதல் ஹாரனுக்கு இறங்க மாட்டேன், இரண்டாவதற்குத்தான் இறங்குவேன். காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கக் கூடாதல்லவா. ஏரிவரை போய், கரையில் கொஞ்சம் நின்று, காபி குடித்துத் திரும்புவோம். அவ்வளவுதான். நான் இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு எந்த இடத்தில் கியர் மாற்றுவது என்றே தெரியாது. அவர்களுக்காகத்தான் போனேன்.

பல் டாக்டர் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். கையுறைதான் இல்லை, மற்றபடி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றார். இந்த வண்டியைக் கொடுத்தால் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு கிடைக்காது என்று மூன்று முறை சொன்னார். விற்கிறவர்கள் எல்லோருமே வீட்டில் யாரோ அழப்போவதாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் செய்வதைச் செய்தார். ஷூ நுனியால் டயரை உதைத்துப் பார்த்தார்.

தங்கையும் வந்திருந்தாள். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, இல்லாத காற்றை அனுபவித்தாள்.

“நல்லாருக்குண்ணா. ரெண்டே சீட்டு. பின்னாலேருந்து யாரும் மெதுவா போங்க, பிரேக் போடுங்கன்னு உயிர எடுக்க முடியாது.”

மாப்பிள்ளை, ஏய், சும்மா இரு என்று அவள் தோளைத் தட்டினார். ஆனால் அவரும் சிரித்தார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் கடைசியாக நிறுத்தியது நான்தான் என்று நினைக்கிறேன்.

பார்த்து முடிக்க நேரமாகும் என்று மூன்று பேரையும் எதிர்ச்சாரிக் காபிக்கடைக்கு அனுப்பிவிட்டு, வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். தொழில் விஷயத்தில் நான் யாருக்கும் வஞ்சகம் செய்வதில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். இன்ஜின் சுத்தம். பெல்ட் மாற்றியிருந்தார்கள். பிரேக் நன்றாக இருந்தது. அடித்தகட்டில் துரு இல்லை. எல்லோரும் பயந்த அந்த ரெண்டு லட்சத்தால் வண்டிக்கு ஒரு சேதமும் இல்லை. டாக்டர் வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார், பிறகு சில வருடம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார். விற்பதற்காக மறுபடி வெளியே எடுத்தபோது நாலு டயரும் மாற்றியிருந்தார்.

டயர்கள் பளபளவென்று இருந்தன. பள்ளங்கள் ஆழமாக, தேயாமல், விரல் நுழைகிற மாதிரி. கறுப்பு பாலிஷ் வேறு. ஆனால் டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும் சார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. அதை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். அந்த டயர்கள் என் தங்கையின் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பு பிறந்தவை. ஏதோ கிடங்கில் விற்காமல் கிடந்து காய்ந்தவை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை, மேஜையை அழுத்துவது போல இருந்தது. பள்ளங்களின் அடியில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். ஊருக்குள் மெதுவாகப் போனால் கொஞ்ச காலம் ஓடும். வெயில் நேரத்தில் பெரிய சாலையில் வேகமாகப் போனால் ஓடாது. டாக்டருக்கே இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பல்லைத் தவிர எதற்கும் வயது பார்க்கத் தெரியாத மனிதர்.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. அப்பா வைத்தது. ஓட்டக் கூடாத டயர் என்று தெரிந்தால், வாடிக்கையாளரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பே மஞ்சள் மெழுகுக் கட்டியால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. வெளியே மட்டும் போட்டால், டயரைத் திருப்பி மாட்டி நல்லது என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு பக்கமும். குறி போட்ட டயரோடு எந்த வண்டியும் எங்கள் வாசலைத் தாண்டியது கிடையாது. சின்ன வயதில் வெளிப்பக்கம் என் வேலை, உள்பக்கம் தங்கையுடைய வேலை. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவாள். மூக்கில் மஞ்சளோடு வெளியே வருவாள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இப்போதும் நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பழக்கத்தில் கை போட்டுவிட்டது. நாலு டயரிலும் வெளியே, உள்ளே. வண்டியை இறக்கினேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எதிர்ச்சாரியைப் பார்த்தேன். காபிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தங்கை இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வளைவில் சாய்வது போல அவள் மேல் சாய்ந்தார். டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவர்கள் மேஜையில் நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் அவளுடைய கைப்பையை வைத்திருந்தார்கள்.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நாலு குறியையும் துடைத்தேன். அதன்மேல் கொஞ்சம் பாலிஷ். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

“அந்த ரெண்டு லட்சம் பத்திக் கவலப்படாதீங்க மாப்பிள்ளை. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு.”

“அப்ப வாங்கலாமா மச்சான்?”

“வாங்குங்க.”

“டயர்கூடப் புதுசு போல.”

“பாக்க அப்படித்தான் இருக்கு.”

இதில் ஒரு பொய் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள் சார். அவர் கிலோமீட்டரைக் கேட்டார், கிலோமீட்டருக்குப் பதில் சொன்னேன். டயரின் வயது என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாயில் நுழையாத வார்த்தைகளையெல்லாம் பிஸ்கட்டுக்குத் தேடுகிறவருக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. தன் உயிரைப் பற்றி நாலு இலக்கம் படிக்காதவரை நான் எத்தனை நாள் சுமப்பது?

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொண்ணு மச்சான். பழைய வண்டி விஷயமா...” என்று ஆரம்பித்தார். அது உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டேன். பழைய வண்டியை யாருக்கு விற்பது, என்ன விலை சொல்வது என்று அதற்கும் ஒரு மாதம் என்னை அறுப்பார். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

வண்டி கைக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாரன் அடிக்கவில்லை. வண்டியைப் பதிவு செய்கிற வேலையாக அலைகிறார்கள் என்று தங்கை போன் செய்தாள். நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மாடியைப் பெருக்கினேன்.

பிறகு மாப்பிள்ளை மட்டும் கடைக்கு வந்தார். வண்டி கொஞ்சம் இறுக்கமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை, டயர் கல்லாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். நான் காற்றைப் பார்ப்பது போலப் பார்த்து, வேண்டியதைவிடக் குறைத்து வைத்தேன். இவ்வளவு நாள் நின்ற வண்டி, மெதுவாக ஓட்டினால் சரிவராது என்றேன். நல்ல வெயிலில், பெரிய சாலையில், ஒரு முறை நன்றாக மிதித்து விடுங்கள், உடம்பு பிடிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் போக்குவரத்து குறைவு என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் நான் சொல்வதை எப்போதும் கேட்பார். அந்தக் குணம் ஒன்று உண்டு அவரிடம்.

சனிக்கிழமை காலை தங்கையைக் கடைக்கு வரச் சொன்னேன். கடைச் சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும், எனக்கு நிறம் பார்க்கத் தெரியாது, நீ வந்து தேர்ந்தெடு என்றேன். வண்ண அட்டையை விரித்துவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் இளநீலம் என்றாள். நான் இன்னும் கொஞ்சம் பார் என்றேன். சாம்பல் என்றாள். அதையும் யோசிக்கலாம் என்றேன். நல்ல மத்தியானம் அது. வெகு காலத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் மட்டும். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. போன் வந்தபோது அவள் விரல் ஒரு பச்சை நிறத்தின் மேல் இருந்தது.

பின்பக்க இடது டயர். அது வெடித்து, வண்டி சாலையின் நடுச்சுவரில் மோதிப் புரண்டிருந்தது. உங்கள் ஆட்கள்தான் வந்து பார்த்தார்கள். பழைய வண்டி, அதிக வேகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட நின்று மற்ற மூன்று சக்கரங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் உங்களில் பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பலாம்.

துக்கத்துக்கு வந்தவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மோட்டார் நிபுணர்கள் ஆகியிருந்தார்கள். ரெண்டு லட்சம் ஓடின வண்டியை யாராவது வாங்குவார்களா என்று ஆளுக்கு ஆள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உடனே வாங்கு என்ற அலுவலக நண்பர்தான் அதிகம் அடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இன்ஜின் இன்னும் ஒரு லட்சம் அலட்டாமல் ஓடியிருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

தங்கை மாடிக்கே வந்துவிட்டாள். அவளுடைய பழைய அறையை நான் எதுவும் மாற்றாமல் வைத்திருந்தேன். காலையில் காபி போட்டு அவள் கதவைத் தட்டுவேன். அவள் அதிகம் பேசவில்லை. பரவாயில்லை, நாளாக நாளாகச் சரியாகும் என்று இருந்தேன். இதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது. சீக்கிரம் தூக்கம் வந்தது.

இன்று காலை அவருடைய மூக்குக்கண்ணாடி காரில் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நொறுங்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கிற அந்த மைதானத்துக்கு. நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். மத்தியானம் ஆகியும் வரவில்லை. நான் ஒரு வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே ஹாரன் கேட்டது. ஒரே ஒரு முறை.

எட்டிப் பார்த்தேன். வாசலில் அவர்களுடைய பழைய கார் நின்றது. விற்றுவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்த கார். ஓட்டுநர் இருக்கையில் தங்கை. அவள் இறங்கி, பின் கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். பின் சீட்டின் நடுவில், நான் உட்காருகிற இடத்தில், ஒரு சக்கரம் இருந்தது. வெடிக்காத மூன்றில் ஒன்று. உள்பக்கம் மேலே பார்த்தபடி படுத்திருந்தது. அதன்மேல் மஞ்சளில் பெருக்கல் குறி, கொஞ்சமும் கலையாமல்.

துடைக்கும்போது வெளிப்பக்கம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. உள்பக்கம் எப்போதும் அவளுடையது அல்லவா. வண்டியை இறக்கிய பிறகு அது கண்ணிலும் படவில்லை.

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. கத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்வதற்குப் பதிலெல்லாம் வைத்திருந்தேன்.

“மூணுலயும் இருக்குண்ணா. உள்பக்கம் இருக்கு, வெளிப்பக்கம் இல்ல. நீ போடும்போது ரெண்டு பக்கமும்தான போடுவே.”

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“அன்னிக்கு என்னை எதுக்குக் கலர் பாக்கக் கூப்பிட்டே?”

சுவர் இன்னும் அடிக்காமல்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஆமாம், தெரிந்தேதான் கூப்பிட்டேன் என்றேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள் சார், சுற்றி வளைக்க வேண்டாம். டயர் போகும் என்று எனக்குத் தெரியும். குறியைத் துடைத்தது நான். காற்றைக் குறைத்ததும் நான், அந்தச் சாலைக்கு அந்த நேரத்துக்கு அவரை அனுப்பியதும் நான், அவளை வண்டியில் ஏறாமல் பார்த்துக்கொண்டதும் நான். அவர் போக வேண்டும் என்றுதான் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

ஏன் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். குடும்பப் பொறுப்பு இல்லாதவர், முடிவெடுக்கத் தெரியாதவர், உன்னை ஒரு நாள் நடுத்தெருவில் நிறுத்தியிருப்பார் என்று இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த காரணங்களை வரிசையாகச் சொல்ல நினைத்தேன். அவள் கேட்கவில்லை. கார் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறொன்று சொன்னாள்.

“இந்த வண்டிய விக்கறதுக்கு அவர் ஒத்துக்கவே இல்ல. ரெண்டு வண்டி எதுக்கு, நிறுத்த எடம் இல்லன்னு நான்தான் சண்ட போட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு வேணும்னாரு. புது வண்டியில மச்சான் எங்க உக்காருவாருன்னாரு. உன்கிட்டச் சொல்லிட்டேன்னு வேற சொன்னாரு.”

சொல்லவில்லை. சொல்ல வந்தார். அவர் எந்த வாக்கியத்தையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர், அதுதான் அவரிடம் குறை. நான் இதைச் சொன்னேனா, மனதில் நினைத்துக்கொண்டேனா என்று ஞாபகம் இல்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இது ஓடாதுண்ணா என்று சொல்வாளே, அந்த முகம்.

நேராக இங்கே, உங்களிடம்தான் வரப்போவதாகச் சொன்னாள். பின் கதவைச் சாத்தினாள். முன்னால் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். அந்தப் பழைய இன்ஜினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அதைச் சொல்லலாம் என்றுதான் ஜன்னல் பக்கம் குனிந்தேன் சார். நிச்சயமாக அதைச் சொல்லத்தான் குனிந்தேன். பின் சீட்டில் அந்தச் சக்கரம் இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரலாம். அவள் கல்யாணம் முடிந்து இதே வாசலிலிருந்து இதே காரில் கிளம்பியபோதும் இப்படித்தான் குனிந்தேன். அன்றைக்கு, பார்த்துப் போங்க என்று மட்டும் சொல்லி நிமிர்ந்துவிட்டேன்.

“பாப்பா, என்னையும் கூட்டிட்டுப் போ” என்றேன்.